வாட்ஸ்அப்பில் பேசவும் முகம் பார்க்கவும்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



கைப்பேசி பழுது என்று சொல்லிப் புதியது வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. வாங்கிய பின்னும் அதே குறை நீடிக்கும்போதுதான், பழுது இருந்த இடம் கைப்பேசி அல்ல என்பது புலனாகும். அதற்குள் ஐந்நூறு வெள்ளியோ ஆயிரம் வெள்ளியோ கைவிட்டுப் போயிருக்கும். கடையில் தராசு சரியாக நிற்கவில்லையென்றால் உடனே தராசையே தூக்கி எறிந்துவிடுகிறோமா? தட்டில் மாவு படிந்திருக்கிறதா, முள் வளைந்திருக்கிறதா, அடியிலுள்ள மேசை சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம் அல்லவா? கைப்பேசிக்கும் அப்படியொரு முறை உண்டு. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம். மதரஸாவையும் ஆரம்பப் பள்ளியையும் தாண்டிப் படிக்காத நமக்கு விளங்கிய விஷயம், மற்றவர்களுக்கு விளங்காமல் போகாது.

நாம் கடை வைத்திருப்பது நிபோங் தெபால் பக்கம், பைராம் தோட்டத்தை அடுத்து. சரக்கு எடுப்பது ஜார்ஜ் டவுன் மொத்தக் கடைகளில். சரக்குச் சீட்டைப் படம் பிடித்து அனுப்புவதும், விலை கேட்பதும், பணம் கட்டிய ரசீதைக் காட்டுவதும் இன்று வாட்ஸ்அப் மூலமாகவே நடைபெறுகின்றன. கடை சாத்திய பின் ஊரிலுள்ள தாயாரின் முகம் பார்ப்பதும் அதிலேதான். ஆகவே இது நின்றுவிட்டால் கடையும் நிற்கிறது, வீடும் நிற்கிறது.

நம் முன்னோர் வந்த ரஜூலாக் கப்பல் 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை தமிழ்நாட்டுக் கரைக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிற்று. அந்நாளில் ஊர்ச் செய்தி என்றால் கடிதச் செய்திதான். பிள்ளை பிறந்த செய்தி இங்கே வந்து சேருமுன் அங்கே பிள்ளைக்குப் பேரும் வைத்து முடிந்திருக்கும். பிறகு டிரங்க் கால் வந்தது. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்து, கிடைத்த மூன்று நிமிடத்தில் பாதியை 'கேட்கிறதா, கேட்கிறதா' என்பதிலேயே செலவழித்த காலம் அது. வாட்ஸ்அப் 2009-இல் தொடங்கியது. 2014-இல் பேஸ்புக் கம்பெனியார் அதை விலைக்கு வாங்கினர். குரல் அழைப்பு 2015-இலும், முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பு 2016 நவம்பரிலும் வந்தன. அதே 2016 செப்டம்பரில்தான் இந்தியாவில் ஜியோ கம்பெனி தன் சேவையைத் தொடங்கி, இன்டர்நெட் விலை அங்கே சரிந்தது. கடையநல்லூரிலும் பனைக்குளத்திலும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடி பினாங்கிலுள்ள மகனின் முகத்தைப் பார்க்க முடிந்ததற்கு இவ்விரண்டும் ஒரே சமயத்தில் வந்ததே காரணம் என்று நாம் கருதுகிறோம். ஒன்று மட்டும் வந்திருந்தால் பிரயோஜனம் பாதிதான்.

எண்தான் கணக்கு

முதலில் மனத்தில் இருத்தவேண்டிய விஷயம் ஒன்று. வாட்ஸ்அப் கணக்கு என்பது கைப்பேசியில் இல்லை; எண்ணில் இருக்கிறது. கைப்பேசி உடைந்தால் வேறு கைப்பேசியில் அதே எண்ணைப் போட்டுக் கணக்கைத் திறந்துகொள்ளலாம். எண் போய்விட்டால் கைப்பேசி முழுசாக இருந்தும் கணக்கு நம் கையில் நிற்காது.

ஆகவே கடைக்கு வாட்ஸ்அப் வைக்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, அந்த சிம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதே. கடைப் பையன் தன் அடையாள அட்டையைக் காட்டி வாங்கி வந்த சிம்மில் கடையின் வாட்ஸ்அப்பை வைத்து, பத்து வருடம் வாடிக்கை சேர்த்துவிட்டு, பையன் வேலையை விட்டுப் போகும்போது விழிப்பதில் பயன் இல்லை. சிம் அவன் பேரில் இருந்தால் தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கும் உரிமையும் அவனுக்கே. பையன் நல்லவனாகவே இருக்கட்டும். கடை வாடகைச் சீட்டை அவன் பேரில் எழுதுவோமா? சிம்மும் அதைப் போன்றதே.

இரண்டாவது, முன்பணச் சிம் வைத்திருப்பவர்கள் தவணை முடியுமுன் பணம் ஏற்றிவரவேண்டும். தவணை தவறி எண் இறந்துவிட்டால், கம்பெனியார் சில காலம் கழித்து அதே எண்ணை வேறொருவருக்கு விற்பார்கள். அவர் அந்த எண்ணில் வாட்ஸ்அப் திறந்தால் நம் வாடிக்கைக்காரரின் செய்தி அவருக்குப் போகும். 45 நாள் பயன்படுத்தாமல் கிடந்த கணக்கு வேறொரு கைப்பேசியில் திறக்கப்பட்டால், எண் கைமாறிவிட்டது என்று வாட்ஸ்அப் கம்பெனியார் முடிவு செய்து பழைய கணக்கின் விவரங்களை நீக்கிவிடுவார்கள். அப்புறம் முறையிட்டுப் பலன் இல்லை.

கடைக்கென்று தனியாக 'வாட்ஸ்அப் பிஸ்னஸ்' என்ற செயலி 2018 முதல் உண்டு. அதற்கும் கட்டணம் இல்லை. கடை சாத்தியிருக்கும் நேரத்தில் தானாகப் பதில் சொல்லவும், சரக்கின் படத்தையும் விலையையும் அடுக்கி வைக்கவும் அதில் இடம் இருக்கிறது. கடையில் கம்பி போட்ட பழைய தொலைபேசி இருந்தால் அந்த எண்ணையே இதில் பதியலாம்; குறுஞ்செய்திக்குப் பதில் அழைப்பின் மூலம் எண்ணைச் சரிபார்க்கும் வழியைத் தேர்ந்தால், அந்தத் தொலைபேசி மணியடித்துக் குறியீட்டு எண்ணை வாயால் சொல்லும். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிஸ்னஸிலும் ஒரே சமயத்தில் வைக்க முடியாது என்பது நினைவிருக்கட்டும்.

செயலியைக் கைப்பேசியிலுள்ள பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்தே இறக்கவேண்டும். யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்தி இறக்குவது, வழியில் கிடந்த மருந்தை எடுத்து வாயில் போடுவதற்கு ஒப்பாகும். இறக்கிய பின் நாட்டைத் தேர்ந்து எண்ணைப் போடவேண்டும். மலேசியாவுக்கு +60, இந்தியாவுக்கு +91, இலங்கைக்கு +94, அமீரகத்துக்கு +971. நாட்டுக் குறியீட்டைப் போட்டால் எண்ணின் முதலிலுள்ள சைபரை விட்டுவிடவேண்டும். 016 என்று தொடங்கும் எண் +60 16 என்று ஆகும். பலருடைய போனில் ஊர்க்காரரின் பேர் வாட்ஸ்அப்பில் தெரியாமலிருப்பதற்குக் காரணம், எண்ணை +91 இல்லாமல் பதிந்திருப்பதுதான். பேரைத் திருத்த வேண்டாம், எண்ணைத் திருத்துங்கள். சிறிது நேரத்தில் ஆள் தென்படுவார்.

எண்ணைப் போட்டதும் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று குறுஞ்செய்தியில் வரும். அதைப் போட்டால் கணக்கு திறக்கும். இந்த ஆறு இலக்கத்தைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்லவிருக்கிறோம். பிறகு மைக், கேமரா, தொடர்பு எண்கள் ஆகியவற்றைப் பயன்படுத்த அனுமதி கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டவர்கள்தான், பின்னால் 'நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை' என்று கடைகடையாக அலைகிறார்கள்.

குறை எங்கே என்று காணும் வழி

செய்தி போகவில்லை, அழைப்பு போகவில்லை என்றால், முதலில் ஒரு சிறு செய்தியை எழுதி அனுப்பிப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஓர் அடையாளம் தோன்றும். நமக்குத் தெரிந்தவரை வைத்தியர் நாடி பிடிப்பதற்கு ஒப்பானது இதுவே. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சிறு கடிகாரம் தெரிந்தால், செய்தி நம் கைப்பேசியை விட்டே புறப்படவில்லை. குறை நம் பக்கம். ஒரு டிக் தெரிந்தால், நம்மிடமிருந்து போய்விட்டது. அவர் கைப்பேசிக்கு இன்னும் சேரவில்லை. அவர் போன் அணைந்திருக்கலாம், அவரிடம் இன்டர்நெட் இல்லாதிருக்கலாம். இரண்டு டிக் தெரிந்தால் அவர் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீல நிறமானால் அவர் படித்துவிட்டார். ஆனால் நீல நிறம் காட்டாதபடி அடைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. ஆதலால் நீலம் வரவில்லை என்பதைக் கொண்டு யாரையும் கோபிப்பதற்கில்லை. நாள்கணக்கில் ஒரு டிக்கிலேயே நிற்குமானால் அவர் நம் எண்ணைத் தடுத்து வைத்திருக்கவும் கூடும். பாக்கிப் பணம் கேட்டு அனுப்பிய செய்திகள் இவ்வாறு ஒற்றை டிக்கில் நிற்பது கடைக்காரர்களுக்குப் பழக்கமான காட்சிதான். அதற்கு மருந்து கைப்பேசியில் இல்லை, நேரில் போகவேண்டியதுதான்.

அழைப்புக்கும் இதே போன்று ஓர் அடையாளம் உண்டு. அழைத்தவுடன் திரையில் 'காலிங்' என்று வரும். அவர் கைப்பேசியை எட்டியதும் அது 'ரிங்கிங்' என்று மாறும். 'காலிங்' என்பதிலேயே நின்றால் அழைப்பு அவர் கைப்பேசியைத் தொடவில்லை. 'ரிங்கிங்' என்று மாறியும் எடுக்கவில்லையென்றால், மணி அவர் பக்கத்தில் அடிக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை, அல்லது எடுக்க மனமில்லை. ஊரிலுள்ள பெரியவரைக் கூப்பிட்டு எடுக்கவில்லையென்று இரவெல்லாம் கவலைப்படுகிறவர்கள் இந்த ஒரு சொல்லைக் கவனித்தால் பாதிக் கவலை தீரும்.

கடிகாரம் தெரிந்து குறை நம் பக்கம் என்றால், அடுத்துப் பார்க்கவேண்டியவை சில. வேறு ஏதேனும் இன்டர்நெட் பக்கம் திறக்கிறதா? திறக்கவில்லையென்றால் வாட்ஸ்அப்பின் மேல் பழி இல்லை; டேட்டா தீர்ந்ததா, விமானக் குறி தவறுதலாக அழுத்தப்பட்டதா என்று பாருங்கள். கடையின் வைஃபையில் மாட்டிக்கொண்டிருந்தால் அதை அணைத்து சிம்மின் டேட்டாவில் முயலுங்கள். அதில் போனால் குறை வைஃபைப் பெட்டியில். மற்றப் பக்கமெல்லாம் திறந்து வாட்ஸ்அப் மட்டும் மறுத்தால், கைப்பேசியின் தேதியையும் மணியையும் பாருங்கள். நாள் தவறியிருந்தால் வாட்ஸ்அப் இணைய மறுக்கும். தேதியையும் மணியையும் தானாகவே வைத்துக்கொள்ளும்படி விட்டுவிடுவது நல்லது.

மணியைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்று. மலேசியாவின் நேரம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரண்டரை மணி முந்தியது, துபாய்க்கு நான்கு மணி முந்தியது. இரவு 10 மணிக்குக் கடை சாத்தினால் ஊரில் 7.30, துபாயில் 6. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் ஊருக்கும் நமக்கும் இரண்டு மணியே வித்தியாசம். பழைய கணக்கை மனத்தில் வைத்திருக்கும் பெரியவர்கள் அரை மணி பிசகுவது இதனால்தான்.

கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டாலும் செய்தியும் படமும் இறங்கா. இடத்தை அடைப்பவை எவை என்று பார்த்தால், காலை வணக்கப் பூப்படங்களும், ஜும்ஆ முபாரக் படங்களும், ஒரே வீடியோ நான்கு குழுவிலிருந்து நான்கு தடவை வந்ததுமாகத்தான் இருக்கும். அன்போடு அனுப்புகிறார்கள், அனுப்ப வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் செட்டிங்ஸில், சேமிப்பும் டேட்டாவும் என்ற பகுதியில், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தி வைக்கலாம். வேண்டியதைத் தொட்டால் மட்டும் இறங்கும். டேட்டாப் பணமும் மிச்சம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செய்திகளுக்கு எடுத்துவைக்கும் காப்பு, கூகிள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்திலேயே 2024 முதல் கணக்கிடப்படுகிறது. ஆதலால் இந்தப் பூப்படங்கள் அங்கேயும் இடத்தை அடைத்து, கடைக் கணக்குச் செய்தியின் காப்பு நின்றுபோகச் செய்யும்.

பழைய கைப்பேசியை மலிவாக வாங்குவோர் இரண்டு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். மலேசியாவில் 3ஜி அலைவரிசை 2021 முடிவோடு நிறுத்தப்பட்டது. 4ஜி இல்லாத கைப்பேசியில் சாதாரணப் பேச்சு ஓடும், சிம் டேட்டாவில் முகம் பார்க்க இயலாது. அத்துடன் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் வாட்ஸ்அப் 2025 தொடக்கத்திலிருந்து வேலை செய்வதில்லை. இவ்விரண்டு சமயத்தில் மட்டுமே 'கைப்பேசியை மாற்று' என்று நாம் மனமாரச் சொல்வோம்.

முகம் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை

செய்தி போகிறது, மணி அடிக்கிறது, ஆனால் முகம் கறுப்பாக இருக்கிறது என்றால் கேமரா அனுமதியைப் பாருங்கள். கைப்பேசியின் செட்டிங்ஸில் செயலிகள் என்ற பகுதியில் வாட்ஸ்அப்பைத் தொட்டால் எதற்கெல்லாம் அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று தெரியும். அனுமதி இருந்தும் மங்கலாக இருந்தால், கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கையோடு கைப்பேசியைத் தொடுகிற நம் கடைக்காரர்களுக்கு இது சொல்லவேண்டியதில்லை, சொன்னாலும் தவறில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு போகும். ஜன்னலைப் பார்த்து உட்காரவேண்டும்.

குரல் கேட்கவில்லையென்றால் மைக் அனுமதி, பிறகு கைப்பேசியின் அடிப்பக்கத்துச் சிறு துவாரம். அதில் மாவும் மிளகாய்த் தூளும் அடைத்திருக்கும்; மேலே போட்ட உறை அதை மூடியிருக்கவும் கூடும். உறையைக் கழற்றிப் பேசிப் பாருங்கள். காரிலுள்ள புளூடூத்தோ, காதில் மாட்டும் கருவியோ தூரத்தில் இணைந்தபடியே இருந்தால் குரல் அங்கே போய்விடும். கைப்பேசி ஊமையாகத் தோன்றும். புளூடூத்தை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேசும் குரல் எதிரொலித்தால் அதே அறையில் இன்னொரு கைப்பேசி அதே அழைப்பில் இருக்கவும் கூடும்.

மணியே அடிக்கவில்லை, பிறகு பார்த்தால் தவறிய அழைப்பு என்று காட்டுகிறது என்றால், அநேகமாக அது ஜும்ஆவுக்குப் போகையில் சத்தத்தை அடைத்துவிட்டுத் திறக்காத போனாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு வாட்ஸ்அப்பைத் தூங்க வைத்திருக்கும். செயலிகள் பகுதியில் வாட்ஸ்அப்பின் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் விழித்துக்கொள்ளும்.

பேச்சு நடுவில் விட்டுவிட்டு வந்து, 'ரீகனெக்டிங்' என்று காட்டினால் அலை பலமில்லை. எங்கள் பக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்பவர்களுக்கு இது வாடிக்கை. கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். முகத்துக்கு வேண்டிய டேட்டா மிக அதிகம், குரலுக்குக் குறைவு. அழைப்புக்குக் குறைந்த டேட்டாவைப் பயன்படுத்தும் அமைப்பும் செட்டிங்ஸில் உண்டு. பெருநாள் அன்று குடும்பத்தார் கூட்டமாகப் பேச விரும்பினால் 32 பேர் வரை ஒரே அழைப்பில் சேரலாம். நம் அனுபவத்தில் எட்டுப் பேருக்கு மேல் போனால் யார் பேசுவது என்பதே வழக்காகிவிடும்.

ஊரிலுள்ள வயதானவர்களுக்குச் சொல்லித் தரும்போது பொறுமை வேண்டும். முகம் பார்க்கும் அழைப்பிலும் பழக்கத்தில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கம் நமக்குக் காது மட்டும் தெரியும். 'உம்மா, போனை முகத்துக்கு நேரே பிடிங்க' என்று சொன்னால் நெற்றியும் கூரையும் தெரியும். சுவரோரம் செம்பைச் சாத்தி அதில் கைப்பேசியை நிறுத்தி வைக்கும்படி வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் போதும்.

துபாயில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. ஐக்கிய அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், படம் போகும். ஆனால் வாட்ஸ்அப் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் பல ஆண்டுகளாக அந்நாட்டுக் கட்டுப்பாட்டால் தடைபட்டிருக்கின்றன. இங்கேயுள்ள கைப்பேசியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது இணையாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை இரு பக்கமும் இறக்கிக்கொண்டு பேசவேண்டும்.

ஊருக்கு விடுமுறையில் போகிறவர்கள் அங்கே இந்திய சிம் போட்டதும், எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மலேசிய எண்ணிலேயே தொடர்ந்து ஓடும். ஆனால் மலேசிய சிம்மைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பை மீண்டும் திறக்க நேர்ந்தால் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும்.

ஆறு இலக்கம்

இப்போது நாம் மேலே நிறுத்தி வைத்த விஷயத்துக்கு வருகிறோம். எண்தான் கணக்கு என்றோம். அந்த எண் நம்முடையதுதான் என்பதற்கு வாட்ஸ்அப் கேட்கும் ஒரே சாட்சி அந்த ஆறு இலக்கக் குறியீடு. நம் எண்ணைத் தன் கைப்பேசியில் போடும் திருடனுக்கு அதன் பிறகு வேண்டியது அந்த ஆறு இலக்கம் மட்டுமே. அது வருவதோ நம் கைப்பேசிக்கு. ஆகவே அதை நம் வாயாலேயே வாங்கப் பார்ப்பான்.

எப்படி வாங்குவான்? முதலில் நமக்குத் தெரிந்த ஒருவருடைய கணக்கைப் பிடித்திருப்பான். அவர் பேரிலிருந்தே நமக்குச் செய்தி வரும்: 'அண்ணே, என் குறியீடு தவறி உங்க நம்பருக்கு வந்துருச்சு, கொஞ்சம் பார்த்து அனுப்புங்க.' மரைக்காயர் கடை மாமாதானே, மச்சான்தானே என்று நாம் அனுப்பிவிடுவோம். அனுப்பிய நிமிடத்தில் நம் கணக்கு மூடும். பிறகு நம் பேரிலிருந்து நம் வாடிக்கைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் செய்தி போகும்: 'அவசரம், ஈராயிரம் வெள்ளி இந்தக் கணக்கில் போடுங்கள், நாளைக் காலையில் தருகிறேன்.' பேரும் நம்முடையது, படமும் நம்முடையது. அவர்கள் பணம் போடுவது நம் வார்த்தையை நம்பி. வியாபாரத்தில் முப்பது வருடமாகச் சேர்த்த நாணயத்தை ஒருவன் அரை மணியில் செலவழித்துவிடுகிறான் என்பதே இதிலுள்ள நஷ்டம். பணம் இரண்டாம் பட்சம். ஒருவருடைய குறியீடு மற்றொருவர் எண்ணுக்குத் தவறி வருவது என்பதே கிடையாது. நம் எண்ணுக்கு வந்த குறியீடு நம் கணக்கின் சாவிதான், கேட்பவர் யாராயினும் சரி.

இதற்குப் பூட்டு ஒன்று வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது, போட்டிருப்பவர்கள் குறைவு. செட்டிங்ஸில் கணக்கு என்பதைத் தொட்டு, இரண்டு படிச் சரிபார்ப்பைத் திறந்து, நாமே ஓர் ஆறு இலக்கத்தைத் தேர்ந்து வைத்தால், திருடன் குறுஞ்செய்திக் குறியீட்டை வாங்கினாலும் இரண்டாவது இலக்கம் தெரியாமல் உள்ளே வர இயலாது. மறந்தால் மீட்பதற்கு மின்னஞ்சல் முகவரி ஒன்றையும் அங்கேயே கொடுத்துவைக்கலாம். பிறந்த தேதியை இலக்கமாக வைக்கவேண்டாம்.

அதே செட்டிங்ஸில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. நம் கணக்கைக் கைப்பேசிக்கு வெளியே நான்கு கருவிகளில் வரை திறந்து வைக்கலாம். கடைக் கணினியில் திறந்து வைப்பது சௌகரியம்தான். ஆனால் கைப்பேசியை 'ஒரு நிமிஷம் கொடுங்க' என்று வாங்கியவர் தன் கணினியில் இணைத்துவிட்டால், நம் செய்திகளையெல்லாம் அவர் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். நமக்கு ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை சரக்கு எண்ணுகிறோமே, அன்று இந்தப் பகுதியையும் திறந்து, தெரியாத கருவி இருந்தால் அதை வெளியேற்றிவிடுங்கள். வேலையை விட்டுப் போன பையனின் கருவி அதில் இன்னும் இருப்பதைக் காண்பவர்களும் உண்டு.

வீடியோ அழைப்பிலும் ஒரு வலை இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கையில் நம் திரையை மற்றவருக்குக் காட்டும் வசதி 2023 ஆகஸ்டில் வந்தது. சரக்கு விலைப் பட்டியலைக் காட்ட அது நல்ல வசதி. ஆனால் வங்கியிலிருந்து பேசுகிறோம், போலீஸிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, திரையைக் காட்டும்படி கேட்பவன், வங்கியிலிருந்து நம் திரைக்கு வரும் குறியீட்டை அங்கிருந்தே படித்துக்கொள்வான். திரையைக் காட்டச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்கவேண்டாம்.

அப்படியும் கணக்கு கைவிட்டுப் போய்விட்டால், வாட்ஸ்அப்பைத் திறந்து நம் எண்ணை மீண்டும் பதியுங்கள். குறுஞ்செய்தியில் வரும் புதுக் குறியீட்டைப் போட்ட அந்தக் கணமே திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டாவது இலக்கம் ஒன்றைப் போட்டுப் பூட்டியிருந்தால் ஏழு நாள் காத்திருந்துதான் நாம் உள்ளே போகமுடியும். ஆனால் அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே இல்லை என்பது ஆறுதல். காத்திருக்கும் நேரத்தில் வாடிக்கைக்காரருக்கும் மொத்தக் கடைக்கும் சாதாரண அழைப்பிலேயே பேசி, நம் பேரில் பணம் கேட்டு வந்தால் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும். அவர்களின் எண்கள் கைப்பேசிக்குள் மட்டும் இராமல் கடை நோட்டிலும் எழுதியிருந்தால் அப்போது உதவும். யாரேனும் பணம் போட்டுவிட்டிருந்தால், போட்டவர் உடனே தம் வங்கிக்கும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் பேசவேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுமுன் பேசினால்தான் நிறுத்திப் பார்க்க வழியுண்டு. பேசும்போது எந்த வங்கிக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்கு எண்ணுக்கு, எத்தனை வெள்ளி, எத்தனை மணிக்கு என்ற விவரமும், பணம் போட்ட ரசீதும் கையில் இருக்கவேண்டும். திருடன் அனுப்பிய செய்தியை அழித்துவிடாமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதையும் எடுத்துப்போய்ப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுக்கவேண்டும்.